கணக்கெடுப்பாளர் எண் ஏழு

பிப்ரவரி 6, திங்கள்

இன்றைக்கு அடித்த காற்று என்னைச் சைக்கிளோடு சேர்த்துக் கால்வாயில் தள்ளப் பார்த்தது. ஹேக் நகரத்துக்காரர்கள் இதையெல்லாம் காற்று என்றே ஒப்புக்கொள்வதில்லை. கைக்குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு கையில் போன் பேசியபடியே ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். நான் இறங்கித் தள்ளிக்கொண்டே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வந்து ஐந்து மாதமாகிறது.

மதியம் டாக்டர் மரைக்கே கூப்பிட்டார். என் ஆய்வேட்டுக்கு அவர்தான் வழிகாட்டி. (பெயரைக் கேட்டதும் கீழக்கரை மரைக்காயர் யாருக்காவது சொந்தமோ என்று முதல் நாள் நினைத்தேன்.) ராமநாதபுரம் மாவட்டத்துக் குடிநீர்க் கணக்கெடுப்பை எடுத்து மேசையில் போட்டார். "நீ வேலை பார்த்த இடம்தானே, இசக்கி? முப்பத்தெட்டு கிராமம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடு. இதைவிட நல்ல தரவு உனக்குக் கிடைக்காது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. ஆய்வேடு நன்றாக வந்தால் அவர் பரிந்துரைக் கடிதம் தருவார். கடிதம் இருந்தால் ரோமில் ஒரு சர்வதேச அமைப்பில் ஆறு மாதப் பயிற்சி வேலை. ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்துவிட்டால் பிறகு யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சர்வதேச ஒத்துழைப்பும் வளர்ச்சியும் என்று நீளமாகப் பெயர் வைத்த இந்தப் படிப்புக்கு எல்லாரும் வருவதே அந்த நாற்காலிக்காகத்தான்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். இன்று என் முறை இல்லை. பக்கத்து அறை நேபாளக்காரி பிமலாவின் முறை. அவள் துணிக்கூடையைத் திருப்பி எடுத்துப் போய்விட்டாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

முருங்கைக்காய் வாங்கச் சந்தைக்கு டிராமில் போனேன். வாங்காமல் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

ஒரு வாரம் தள்ளிப்போட்டு இன்று அந்தத் தரவைத் திறந்தேன். மொத்தம் நான்கு கணக்கெடுப்பாளர்கள். பெயர் இருக்காது, கணக்கெடுத்த தொண்டு நிறுவனம் தன் ஆட்களுக்குக் கொடுத்த எண்தான் இருக்கும். ஏழாம் எண் நான்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, நான்கு வருஷம் அந்த நிறுவனத்தில் வெயிலில் அலைந்தவள்.

ஏழாம் எண்ணின் கடைசிக் கிராமம் ஆனையேறிவலசை. இருநூறு வீடுள்ள ஊர். வாக்காளர் பட்டியலிலிருந்து நாற்பத்து மூன்று வீடு தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். தேதி, முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர் 18, 19. அந்த இரண்டு நாளும் மழை. கரிசல் பாதையில் வண்டி இறங்காது.

மூடிவிட்டேன். சமையலறை அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன். யாரோ ஒரு கானா நாட்டுப் பையன் போன வருஷம் தீய வைத்த கறை அது, போகவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 20, திங்கள்

இன்று வகுப்பில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் உட்கார முடியும்.

மரைக்கே திரையில் நான்கு வரைபடம் போட்டார். என் ஆய்வேட்டுத் தரவுதான். "தண்ணீர் எடுத்துவர எத்தனை நிமிஷம் ஆகிறது?" என்ற கேள்விக்கு வந்த பதில்கள். மூன்று கணக்கெடுப்பாளர்களின் படத்தில் பத்து, பதினைந்து, முப்பது, அறுபது என்று நான்கு இடத்தில் மட்டும் பனைமரம் மாதிரி கோடு நின்றது. மற்ற இடமெல்லாம் காலி. நான்காவது படத்தில் அப்படி இல்லை. பதினேழு, இருபத்து மூன்று, இருபத்தாறு, முப்பத்தெட்டு என்று அழகாக ஏறி அழகாக இறங்கியது.

"மக்கள் ஐந்து, பத்தாக உருட்டித்தான் சொல்வார்கள். அரை மணி, ஒரு மணி என்பார்கள். ஆனால் இந்த ஒரு கிராமத்தில், இந்த ஏழாம் எண் ஆள், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பொறுமையாகத் துருவிக் கேட்டிருக்கிறார். களப்பணி என்றால் இதுதான்" என்றார் மரைக்கே. பிறகு என்னைப் பார்த்து, "இசக்கி, உனக்குத் தெரிந்திருக்குமே. யார் இந்த ஏழு?" என்று கேட்டார்.

அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை என்றேன். பொய் இல்லை.

வகுப்பு முடிந்து வரும்போது பிமலா என்னோடு நடந்தாள். (இங்கே எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். எழுதும்போது எனக்குத் தமிழாகிவிடுகிறது.) அவளும் ஊரில் கணக்கெடுப்புக்கு அலைந்தவள்தான். பாலத்தருகே நின்று கையுறையைக் கழற்றி மாட்டி ஏதோ செய்தாள். "அந்த ஏழு இருக்கிறாரே, அவர் உட்கார்ந்த இடம் வீட்டு வாசல் இல்லை, மேசை. எந்த ஊர்ப் பெண்ணாவது இருபத்து மூன்று நிமிஷம் என்று சொல்வாளா?" என்றாள்.

உங்கள் ஊரில் சொல்ல மாட்டார்களாக இருக்கும் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறகு கடைத்தெருவை மூன்று முறை சுற்றி வந்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஆமாம், மேசைதான்.

பரமக்குடியில் ஒரு லாட்ஜ். மழை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவங்களை ஒப்படைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர், வயசு, புருஷன் பெயர் எல்லாம் இருந்தது. மீதியை நான் எழுதினேன். பக்கத்து ஊர்களில் நூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கியவள், இந்த ஊரிலும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்து, முப்பது என்று போட்டால் சோம்பேறித்தனமாகத் தெரியும் என்று பதினேழு, இருபத்து மூன்று என்று போட்டேன். அந்தப் பாராட்டு அதற்குத்தான்.

நான்கு பேனா வாங்கினேன். ஆண்களுக்குக் கையெழுத்து. வயசான பெண்களுக்கெல்லாம் ரேகை. என் பத்து விரலையும் மாற்றி மாற்றி மையில் ஒற்றி வைத்தேன். லாட்ஜ் வாசலில் கார்த்திகை விளக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நாற்பத்து மூன்று. நூற்றுக்கு மூன்றுகூட முழுசாக இல்லை. மழைக்கு நான் என்ன செய்ய முடியும்.

மார்ச் 2, வியாழன்

ரோம் வேலைக்கு முதல் வடிகட்டலைத் தாண்டி என் பெயர் வந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"நான் சொல்லலியாட்டி? கார்த்திகை தீபத்தன்னைக்கு, பத்தொம்பதாந் தேதி, நீ அங்க படிக்கக் கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ குடுத்ததுக்கு இங்க ஒனக்குன்னு தனியா ஒம்பது வெளக்கு ஏத்துனேன். அது வீண் போவுமா?" என்றாள்.

வீண் போகாது என்றேன். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, வியாழன்

முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். மரைக்கே ஓரத்தில் பச்சை மையில் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில்தான் ஆனையேறிவலசை வருகிறது.

மார்ச் 25, சனி

இரண்டாம் அத்தியாயத்துக்கு ஒரு தகவல் தேவைப்பட்டது. கணக்கெடுப்பை வைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டிய கிராமங்கள் எவை என்று. சும்மா ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தாலே வந்திருக்கும். ஆனால் முனியசாமி அண்ணனுக்கே போன் போட்டேன். என்னோடு கணக்கெடுப்புக்கு வந்தவர், இப்போது அங்கே களப்பொறுப்பாளர்.

"என்னத்தா, நல்லாருக்கியா? அங்க குளுரு கொல்லுமாமே" என்று ஆரம்பித்து, ஊர் ஊராகப் பட்டியல் சொன்னார். நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் சராசரி வந்த ஊருக்கெல்லாம் தொட்டி. ஆனையேறிவலசையைச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"அந்த ஊரா? அது முப்பத்தொரு நிமிசம்ல வந்துச்சு. தண்ணி கிட்டக்கவே கெடைக்குதுன்னு தள்ளிட்டாக. நீதான போயிட்டு வந்த. ஆனா அது இப்பப் பெரிய ரோதனையாக் கெடக்குத்தா. மூணு நாளைக்கு முன்ன, தண்ணி தினத்துக்குக் கிராம சபை போட்டாகல்ல. அதுல சேதுராக்குன்னு ஒரு பொம்பள எந்திரிச்சு, எங்க ஊருக்கு யாருமே வந்து கேக்கலன்னு சத்தம் போட்டுச்சு."

"அப்புறம்?"

"நம்ம டைரக்டரும் அங்கனதான் இருந்தாரு. அது பேருக்குள்ள படிவத்தப் போன்ல எடுத்துக் காமிச்சுட்டாரு. பேரு இருக்கு, ரேகை இருக்கு, இருபத்தாறு நிமிசம்னு இருக்கு. அந்தம்மா, நான் கையெழுத்துப் போடுற ஆளு, நூறு நாள் வேலைக்கே கையெழுத்துத்தான், ரேகை எதுக்கு வைக்கப்போறேன்னுச்சு. யாரு கேக்குறா? ஊரே பாஞ்சிருச்சு. நீ வாய்க்கு வந்தத எழுதிக் குடுத்ததாலதான் தொட்டி போச்சுன்னு."

மற்றவர்கள் யாரும் எங்களிடமும் வரவில்லை என்று சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"இருநூறு வீட்டுல நாப்பத்து மூணுதானத்தா எடுத்தோம். பக்கத்து வீட்டுல கேட்டிருப்பாக, நம்ம வீட்டுல கேக்கலன்னு அவனவன் நெனச்சுக்கிட்டான். அந்த வருசம் நாலு கணக்கெடுப்பு வந்துச்சு, எவன் வந்தான் எவன் போனான்னு யாருக்கு நெனவு இருக்கு? இப்ப கம்மாய்க்குள்ள ஊத்துல தண்ணி எறைக்க அந்தப் பொம்பளைக்குத்தான் கடைசி மொறை. எல்லாரும் எறைச்ச பெறகு, ஊறி வாரதுக்குக் காத்துக் கெடக்கணும். கூடப் பொறந்த தங்கச்சிகூட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குதாம்."

நன்றி சொல்லி வைத்தேன். தகவலை இரண்டாம் அத்தியாயத்தில் சேர்த்தேன். சேர்த்ததை அழித்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

இன்று இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஒரு மணி நேரம் குறைந்தது நல்லதாகப் போயிற்று.

கடற்கரை வரை நடந்தேன். சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற மணல். திரும்பியும் நடந்தேன். சேதுராக்கு, வயசு 46, கணவர் பெயர் கருமலையான். படிவம் எழுதும்போது பார்த்த வரி இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் கையெழுத்து என்றும் ரேகை என்றும் இரண்டு வசதி கொடுத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயசு, வலசைக்காரி, ரேகைதான் வைப்பாள் என்று நானே முடிவு செய்தேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. அவள் கையெழுத்துப் போடுவாள்.

ஏப்ரல் 3, திங்கள்

ரோம் வேலை கிடைத்துவிட்டது. ஆய்வேடும் மரைக்கேயின் கடிதமும் போய்ச் சேர்ந்தால் செப்டம்பரில் சேரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா தெருவில் பால்காரர் முதல் கோயில் பூசாரி வரை சொல்லிவிட்டாள். பூசாரி அந்த ஊரில் போப்பாண்டவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாராம்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடேயே முனியசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆனையேறிவலசையில் மட்டும் மறுபடி ஒரு கணக்கெடுப்பு எடுத்துவிட்டால் என்ன, எவ்வளவு நாளாகிறது, நிலைமை மாறியிருக்குமே என்று பட்டும் படாமல் கேட்டேன்.

"அதெப்புடித்தா? ரெண்டாவது கட்டத் தொட்டிப் பட்டியல் மே மாசத்தோட முடியுது. பழைய படிவம் தப்புன்னு எடுத்த ஆளே எழுதிக் குடுத்தாத்தான் டைரக்டரு மறுபடி எடுக்க விடுவாரு. ஏழாம் நம்பரு எழுதிக் குடுக்கணும்." அவர் குரல் தாழ்ந்தது. "ஏழாம் நம்பரு நீதானத்தா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லைன்ல இருக்கியா?" என்றார்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். இன்று வகுப்பே இல்லை.

ஏப்ரல் 8, சனி

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இப்போதெல்லாம் மின்னஞ்சல் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறேன். அறையைத் தலைகீழாகத் துடைத்தாகிவிட்டது. துடைக்க இனி ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

பிமலா பருப்பு வைத்தாள், நான் வெங்காயம் நறுக்கினேன். அவள் தாளித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எத்தனை?" என்று கேட்டாள்.

என்ன எத்தனை என்று கேட்டிருக்கலாம். "நாற்பத்து மூன்று" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பைக் குறைத்தாள். "நான் ஆறு. பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தாய்?"

"அப்புறம் என்ன செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை. இங்கே வந்துவிட்டேன்" என்றாள். பிறகு சாப்பாடு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும்போது, "என்னுடைய ஆறு பேரில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். சேதுராக்குவைப் பற்றிச் சொன்னேன். ஒருவரிடம் வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் முறை. சொல்லி முடித்ததும் அழுதேன். வெங்காயம் நறுக்கி வெகுநேரமாகியிருந்தது.

ஏப்ரல் 17, திங்கள்

மரைக்கேயிடம் சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டும் முன் கழிப்பறைக்கு இரண்டு முறை போய்வந்தேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ஏழாம் எண் நான்தான், அந்த நாற்பத்து மூன்றும் நான் எழுதியவை, ஊருக்கு நான் போகவே இல்லை.

அவர் கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் நோட்டைத் திறந்தார். "எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். பத்து, முப்பது என்று வராமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னபோது வேகமாகக் குறித்துக்கொண்டார். இரண்டு பக்கம் எழுதினார். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது போல. பேனாவை மூடி வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் அதை வகுப்பில் காட்டினேன். இனி வரும் வருஷ மாணவர்களுக்கும் காட்டலாம் என்றுகூட நினைத்தேன்" என்றார். அந்த நாற்பத்து மூன்றை நீக்கினாலும் முடிவுகள் மாறாது, ஆய்வேட்டை வேறு தரவில் மறுபடி தொடங்கலாம், படிப்பை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்றார். ஆனால் தேர்வுக் குழுவுக்கு அவர் சொல்லியாக வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது.

"முடிவுகள் மாறாது என்றீர்களே, அந்த ஊருக்கு மாறிவிட்டதே" என்றேன்.

"ஆமாம். அதை நீ அவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்கு நான் உதவ முடியாது" என்றார். கதவு வரை வந்து அனுப்பினார்.

ஏப்ரல் 20, வியாழன்

நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். எட்டு முறை திருத்திய கடிதம். "கனமழையின் காரணமாக நேரில் செல்ல இயலாமல்" என்று தொடங்கியது. டைரக்டர் ஒரே வரியில் பதில் போட்டார், இதைப் படித்து அதிர்ச்சியடைந்ததாக.

முனியசாமி அண்ணன் தானாகவே கூப்பிட்டார். "ஏத்தா, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயி எடுத்துக் குடுத்திருக்க மாட்டனா?" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மே கடைசியில் மறு கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

"லெட்டரு ஆபீசு பைலுக்குள்ள போயிரும். அந்தம்மாள ஊருக்கு முன்னாடிதான பொய்காரின்னாக? ஊருக்கு முன்னாடிதான் சொல்லணும். மே ஒண்ணு கிராம சபை. நான் போன மைக்குல வச்சுப் பிடிக்கிறேன். உப்பத் தின்னா தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், இசக்கி."

ஏப்ரல் 27, வியாழன்

ரோமிலிருந்து மின்னஞ்சல். கடிதம் வராததால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பூசாரிக்கு யார் சொல்வது.

ஏப்ரல் 30, ஞாயிறு

நாளைக்குப் பேச வேண்டியதை எழுதி வைத்து, பிமலாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. "ஒரு வார்த்தை மூன்று முறை வந்ததே, என்ன அது?" என்று கேட்டாள்.

மழை.

இந்த நோட்டிலும் பின்னால் புரட்டிப் பார்த்தேன். எங்கும் மழைதான் பெய்துகொண்டிருக்கிறது. சரி, எழுதிவிடுகிறேன். அந்த நவம்பரில் வியாழக்கிழமை மதியமே மழை விட்டது. வெள்ளிக்கிழமை நல்ல வெயில். முனியசாமி அண்ணன் அன்றைக்குப் பக்கத்து ஊருக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே போய் வந்தார். எனக்குப் பகல் ஒன்றரைக்கு இந்தப் படிப்பின் உதவித்தொகைக்கான நேர்காணல். ஆனையேறிவலசையில் சிக்னல் கிடையாது, லாட்ஜில் உண்டு. தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்னை விட்டுவிடுவார்களோ என்று பயம்.

விரலில் மை போகவில்லை. தேங்காய் எண்ணெய், பல்பொடி, எதற்கும் அசையவில்லை. கேமராவில் தெரியாமல் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசினேன். இந்தத் துறைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். குடத்தோடு நடக்கும் பெண்களைப் பற்றி நன்றாகப் பேசினேன். ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மே 1, திங்கள்

அங்கே பதினொரு மணி, இங்கே ஏழரை. பிமலா டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

போனில் முதலில் கேட்டது சலசலப்புத்தான். மைக் கிறீச்சிட்டது. தலைவர் தண்ணீர் வரி, தெருவிளக்கு என்று நான்கு தீர்மானம் படித்தார். பிறகு முனியசாமி அண்ணன், "வெளிநாட்டுலருந்து ஒரு பிள்ள பேசணும்னு லைன்ல இருக்கு. எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார்.

எழுதி வைத்த தாளை எடுக்கவில்லை. "என் பேரு இசக்கியம்மாள். தண்ணிக் கணக்கெடுப்புக்கு உங்க ஊருக்கு வர வேண்டிய ஆளு நான். நான் வரல. நாப்பத்து மூணு வீட்டுப் படிவத்தையும் நானே எழுதுனேன். சேதுராக்கு அம்மா எதுவும் சொல்லல, அவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல. அவங்க போன தடவ இங்க சொன்னது அத்தனையும் நெசம். தொட்டி வராம போனது என்னால" என்று சொன்னேன். மன்னிச்சிருங்க என்றும் சொன்னேன். அதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது. ஒருவர் வண்டை வண்டையாகத் திட்டினார். திட்டட்டும். தலைவர் எல்லாரையும் உட்காரச் சொல்லி, நான் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்.

"போன என்கிட்டக் குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். "நான்தான் சேதுராக்கு. அந்த ரேகை யாரோடது?"

"என்னோடதும்மா."

"என் தங்கச்சி இங்கனதான் உக்காந்திருக்கா. அவளுக்குக் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லு."

"அது என்னோட ரேகைம்மா. நீங்க வைக்கல."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு சேதுராக்கு, "மழையினால வரலன்னு முனியசாமி சொன்னாரு. மழ வியாழக்கிழம மத்தியானமே விட்டுப்போச்சே. வெள்ளிக்கிழம என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

"ஒரு இன்டர்வியூ இருந்துச்சும்மா. இங்க வந்து படிக்கிறதுக்கு."

"அங்க என்ன படிக்கிற?"

இந்தக் கேள்விக்கு மூன்று விண்ணப்பத்தில் பதில் எழுதியிருக்கிறேன். ஐந்நூறு வார்த்தை, ஆயிரம் வார்த்தை. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் என்னை யாரும் கேட்டதில்லை. அம்மாகூடக் கேட்டதில்லை.

"உங்க ஊரு மாதிரி ஊருகளுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கிறது எப்படின்னு படிக்கிறேம்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கு நீ வெள்ளிக்கிழம இங்க வந்திருந்தாலே போதுமே, தாயி. நாங்கல்லாம் வீட்டுலதான இருந்தோம்" என்றார் சேதுராக்கு.

முனியசாமி அண்ணன் போனை வாங்கி அணைத்துவிட்டார்.